கழுத்துக் கடைசல்காரர்

மனிதர்களில் கழுத்துக் கடைசல்காரர் என்று ஓர் இனம் உண்டு. பயப்பட வேண்டாம், இவர் யார் கழுத்திலும் கை வைப்பவர் அல்ல. பேச ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் அறுப்பார். மற்றபடி சாது. அவர் கைவைப்பதெல்லாம் பித்தளைக் கழுத்தில்தான், அதுவும் ரைஃபிள் தோட்டாவின் கழுத்தில்.

சுட்ட தோட்டாவில் குண்டு போய்விடுகிறது, வெடிமருந்து எரிந்துவிடுகிறது, பித்தளைக் கூடு மட்டும் துப்பாக்கியிலிருந்து துள்ளி வந்து விழுகிறது. அதைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புது கேப் பொருத்தி, மருந்து போட்டு, வாயில் புதுக் குண்டு செருகினால் மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் மான்டானா பக்கம் பாதி ஆண்கள் இதைச் செய்கிறார்கள், பனிக்காலத்தில் வேறு என்னதான் செய்வது? சிக்கனமான, மரியாதையான பொழுதுபோக்கு. இதுவரை யாருக்கும் எந்த வியாதியும் இல்லை.

வியாதி எங்கே தொடங்குகிறது என்றால், குண்டு செருகப்படும் அந்தக் கழுத்துப் பகுதி சுற்றிலும் ஒரே தடிமனாக இல்லை, ஒரு பக்கம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடித்திருக்கிறது, இன்னொரு பக்கம் அதே அளவு மெலிந்திருக்கிறது என்று ஒருநாள் ஒருவருக்குத் தெரிய வருகிறதே, அங்கே. நீங்களும் நானும் இது தெரியாமலே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, செத்தும் போய்விடுவோம். நமக்கு ஒரு குறையும் வராது. அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படித் தூங்குவது?

ஆகவே ஒரு சின்ன வெட்டுக்கருவி வாங்குகிறார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் நடுவே ஓர் எஃகுக் கம்பி, பக்கத்தில் ஒரு பிளேடு. கூட்டின் கழுத்தைக் கம்பியில் மாட்டிச் சுற்றினால், தடித்த பக்கத்திலிருந்து பித்தளை இழை இழையாகச் சீவப்பட்டு விழும். ஒரு கூட்டுக்கு நாலு நிமிடம். கருவி சூடானால் அளவு மாறிவிடும் என்று ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கி முக்கி எடுப்பார். அப்புறம் அளப்பார். அளந்ததைச் சந்தேகப்பட்டு மறுபடி அளப்பார். அளவுகோலையே சந்தேகப்பட்டு, அதை அளக்க இன்னொரு கருவி வாங்குவார்.

இவரை ஊருக்குள் அடையாளம் காண்பது சுலபம். காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் "நேத்து ஒரு மான் விழுந்துது" என்று சொன்னால், மற்றவர்கள் எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இவர் மட்டும் "என்ன தோட்டா?" என்பார். "கடையில வாங்கினதுதான்" என்று பதில் வந்தால் முகத்தில் ஒரு பெரிய துக்கம் பரவும். ஏதோ அந்த மான் விழுந்ததே முறைகேடு என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டி, "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிப்பார். கடைத் தோட்டாவை வைத்து மாட்டுக்கொட்டகை மேல்கூடச் சுடமாட்டேன் என்பது இவர்கள் இனத்தின் பொதுவான சத்தியப் பிரமாணம். கொட்டகைகளும் அதற்காக ஏங்கியதாகத் தகவல் இல்லை.

அங்கே கோல்டர் க்ரீக் என்ற ஊரில் இந்த இனத்துக்கு உதாரண புருஷர் ஆரின் ஸ்கார். வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் மாவட்டச் சாலைகளைச் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சமன் செய்த சாலைகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் இன்றுவரை புரியவில்லை: அரை அடிப் பள்ளம் அன்றைக்குக் கண்ணில் படாத ஒரு மனிதருக்கு, அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டு அதில் அரைக் கூறு இன்று எப்படிக் கண்ணில் படுகிறது? சம்பளத்துக்குப் பார்க்கும் கண் வேறு, ஆசைக்குப் பார்க்கும் கண் வேறு போலிருக்கிறது.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் உண்மையில். ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் திரிகிற எல்க் என்னும் பெரிய மானில், நல்ல கொம்பன் ஒன்றைத் தன் கையால் வீழ்த்த வேண்டும். அந்தப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். பதினாறு வருஷமாக விண்ணப்பித்தார். பதினாறு வருஷமும் 'வருந்துகிறோம்' என்றே பதில் வந்தது. இதற்கிடையில் அவருடைய மைத்துனன் வெண்டலுக்கு மூன்று தடவை சீட்டு விழுந்து, மூன்று தடவையும் எல்க் விழுந்தது. மூன்று தடவையும் பின்னங்கால் இறைச்சியை முதுகில் கட்டிக்கொண்டு களிமண் மேட்டில் மூச்சு வாங்க ஏறியது யார்? ஆரின்தான். அடுத்தவன் எல்க்கைச் சுமந்தே அவருக்கு முழங்கால் தேய்ந்தது. பொறாமையை வெளியில் காட்டாத மனிதர். ஆனால் இருந்தது, நிறையவே இருந்தது.

பதினேழாவது வருஷம், ஜூன் மாதத்தில், அவர் மனைவி மார்லிஸ் கேரேஜுக்கு ஓடி வந்து, சீட்டு விழுந்துவிட்டது என்ற கடிதத்தை நீட்டினாள். ஆரின் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது என்று மார்லிஸ் இன்றைக்கும் சொல்வாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைந்த குரலில் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"புதுக் கூடு நூறு வாங்கணும்."

அங்கேயே அவள் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

நூறு கூடுகள் வந்தன. ஜூலை முழுவதும் எடை போட்டார். எடைவாரியாகப் பிரித்து, பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, பெட்டிமேல் சீட்டு ஒட்டி, சீட்டில் தேதியும் அன்றைய ஈரப்பதமும் எழுதினார். பாதிக் கூடுகள் தகுதி இல்லை என்று தள்ளுபடி ஆயின. ஆகஸ்டில் கழுத்துகளைத் தீயில் வாட்டிப் பதப்படுத்தினார். செப்டம்பரில் கடைசல் ஆரம்பமானது. கேரேஜிலிருந்து ஒரே மாதிரி 'கிர்ர்' சத்தம் காலையிலிருந்து சாப்பாட்டு வேளை வரைக்கும், சாப்பாட்டிலிருந்து மறுபடியும். மார்லிஸ் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற தாளத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவப் பழகிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒருநாள் வெண்டல் வந்து கேரேஜ் வாசலில் சாய்ந்து நின்றான்.

"என்ன மச்சான், இன்னுமா கழுத்துலயே நிக்கற?"

"பதினாலுல இருந்து பதிமூணரைக்குக் கொண்டுவந்துட்டு இருக்கேன்."

"என்ன பதினாலு?"

"ஆயிரத்துல பதினாலு. அங்குலத்துல."

வெண்டல் வாசலை விட்டு நிமிர்ந்தான். "நீ எல்க் பார்த்திருக்கதானே?"

"அதுக்கென்ன?"

"இல்ல, குதிரை அளவு இருக்கும் அது. எந்த இடத்துல அடிக்கணும்னா, நம்ம மார்லிஸ் வான்கோழி வெச்சு எடுத்துட்டு வருவாளே, அந்தத் தட்டு அளவுக்கு இடம் இருக்கு. அதுல இடது ஓரத்துல பட்டாலும் விழும், வலது ஓரத்துல பட்டாலும் விழும். நீ எதுக்கு முடியைப் பிளந்துட்டு இருக்க?"

"நீ துப்பாக்கியில போடறது தோட்டா இல்ல வெண்டல். கூழாங்கல்லு."

"சரி, கூழாங்கல்லுதான். அதுலதான் மூணு விழுந்துது. தூக்கிட்டு வந்தது நீ."

ஆரின் கருவியை ஐஸ் தண்ணீரில் முக்கினார். இந்த இனத்துக்கு விவாதத்தில் பதில் கிடைக்காதபோது கருவி உடனே சூடாகிவிடும்.

எல்க் பருவம் ஐந்து வாரம். அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை தொடங்கி, நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு சூரியன் விழுவதோடு முடியும். ஐந்து வாரம் என்பது சாதாரண மனிதனுக்கு நிறைய நாள். கழுத்துக் கடைசல்காரருக்கு அது ஒரு மூச்சு.

முதல் சனிக்கிழமை ஆரின் போகவில்லை. தேறுமா தேறாதா என்று ஓரத்தில் நின்ற பன்னிரண்டு கூடுகளை இன்னொரு தடவை அளக்க வேண்டியிருந்தது. மார்லிஸ், குலுக்கல் இல்லாமலே கிடைக்கும் தன் பொது மான் சீட்டை எடுத்துக்கொண்டு தம்பி வெண்டலோடு கிளம்பிப் போனாள். இரும்புக் கடையில் பறவைத் தீவனம் வாங்கும்போது கூடவே வாங்கிய ஒரு பெட்டித் தோட்டா, கைப்பிடி தேய்ந்து வெளுத்துப்போன அவளுடைய பழைய ரைஃபிள், ஒரு பிளாஸ்க் காபி. பதினோரு மணிக்குக் கழுதைக் காது மான் ஒன்றோடு திரும்பி வந்தாள். ஆரின் வெளியே வந்து பார்த்துப் பாராட்டினார். காதில் விழுந்தும் விழாததுமாக "அதிர்ஷ்டம்" என்றார்.

"ஆமா," என்றாள் மார்லிஸ். "காலையில எழுந்து போனா அந்த அதிர்ஷ்டம் நிறைய இருக்கு அங்க."

இரண்டாவது வாரம் சுடு தளத்துக்குப் போய்ச் சோதித்தார். நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் விழுந்தன. வேறு யாராவது இருந்தால் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே ஆற்றுப் பள்ளத்துக்குப் போயிருப்பார்கள். ஆரின் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தில் ஒன்று நகத்தின் ஓரத்தில் இருந்தது. ஏன் ஓரத்தில் இருக்கிறது? வீட்டுக்கு வந்து எல்லாக் கழுத்தையும் ஆயிரத்தில் இன்னும் அரைக் கூறு சீவினார்.

மூன்றாவது வாரம் கம்ப்யூட்டரில், ஒஹையோவில் தன்னைப் போலவே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆத்மாவிடம் ஆலோசனை கேட்டார். இவர்களெல்லாம் அங்கே கூடியிருப்பார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, அடுத்தவர் கழுத்தின் தடிமன் மட்டும் மனப்பாடமாகத் தெரியும். குண்டைக் கூட்டுக்குள் ஆழமாகச் செருகாதே, அதன் மூக்கு, குழலின் உட்புறம் சுருளாக வெட்டியிருக்கும் வரிகளில் போய் முட்டும்படி வெளியே நீட்டி வை, இன்னும் துல்லியம் கிடைக்கும் என்றது ஒஹையோ. ஆரின் அப்படியே செய்தார். தளத்தில் சுட்டால் உண்மையிலேயே இன்னும் நன்றாக விழுந்தது. அவர் முகத்தில் ஐந்து மாதத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

இங்கே ஒரு சின்ன சங்கதி. கழுத்தை மெலிதாக்கினால், அதைக் குண்டைச் சுற்றி இறுக்குகிற எஃகு வளையத்தையும் ஓர் அளவு சின்னதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் மெலிந்த கழுத்து குண்டைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்குமே தவிர, பிடித்துக்கொண்டிருக்காது. இது ஆரினுக்குத் தெரியாதா? இதைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யக்கூடியவர் அவர். சீவுகிற மும்முரத்தில் மறந்துபோனார். சுடு தளத்தில் அந்தக் குறை வெளியே தெரியவும் வழியில்லை. அங்கே துப்பாக்கிக்குள் போட்ட தோட்டாவைச் சுட்டுவிடுவார்கள். யாரும் சுடாமல் வெளியே எடுப்பதில்லை.

நான்காவது வாரம் காற்று. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை நன்றித் திருநாள். மார்லிஸ் வான்கோழி வைத்து, கிழங்கு மசித்து, பூசணிக்காய் இனிப்பு அப்பம் சுட்டு, சொந்தக்காரர்கள் பதினொரு பேரை உட்கார வைத்தாள். ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லும் முறை வந்தபோது ஆரின் நாற்காலி காலியாக இருந்தது. கேரேஜிலிருந்து 'கிர்ர்' என்று கேட்டது.

"மச்சான் கழுத்துக்கு நன்றி சொல்றார்," என்றான் வெண்டல். எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை. எழுந்து கேரேஜுக்குப் போனாள்.

"ஆரின், இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"உன் பேருக்கு விழுந்த சீட்டு. ஒவ்வொரு வருஷமும் விழாம விழாமச் சேர்த்து வெச்ச குலுக்கல் புள்ளியெல்லாம் இதோட பூஜ்யம். மறுபடி முதல்ல இருந்து பதினாறு வருஷம்னா உனக்கு எண்பத்திரண்டு வயசு. அப்போ உன்னை நான் தூக்கிட்டுப் போகணும், உன் முழங்கால் போகாது."

அவர் கையில் இருந்த கூட்டைக் கீழே வைத்தார். "சரியாச் செய்யணும் மார்லிஸ். பதினாறு வருஷம் காத்துட்டு, தோட்டாவால போச்சுன்னு ஆயிடக்கூடாது."

அவளுக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. மனிதர் சோம்பேறி இல்லை, பயந்திருக்கிறார். எல்க் முன்னால் நிற்பதற்குப் பயம், தவறவிடப் பயம், மூன்று வீழ்த்திய மைத்துனன் பக்கத்தில் நிற்கத் தான் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்று பயம். பித்தளையைச் சீவிக்கொண்டிருக்கும் வரைக்கும் எதுவும் தவறவில்லையே.

"ஞாயித்துக்கிழமை போறோம்," என்றாள். "சீவினது சீவாதது எல்லாம் எடுத்துக்கோ. வெண்டலும் வரான். அஞ்சரைக்கு வண்டியில உட்காரலைன்னா நானே உன்னைக் கட்டித் தூக்கிப் போட்டுடுவேன்."

ஞாயிறு மூவரும் கிளம்பினார்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை, முழங்கால் வரை பனி, பனிக்குக் கீழே பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொள்கிற களிமண். ஆரின் பையில் இருபது தோட்டா, ஒவ்வொன்றும் தனித்தனி மெத்தைக் குழியில். காலை முழுவதும் ஒன்றும் இல்லை. மத்தியானம் பன்றி இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு எதிர்ச் சரிவில், பைன் மரங்களுக்குப் பக்கத்தில், மார்லிஸ் முதலில் பார்த்தாள்.

கொம்பன். இரண்டு பக்கமும் ஆறு ஆறு கிளை. பழுப்பு உடம்பு, கறுத்த கழுத்து, அவசரமே இல்லாத நடை. ஆரின் ஒரு தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் தள்ளி ரைஃபிளைப் பூட்டினார். நடுவில் ஒரு முள்கம்பி வேலி, அதற்கப்பால் மேடு. எல்க் நிதானமாக மேட்டைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கியது.

"வேலி தாண்டிப் போய் மேட்டு மேல படுத்துக்கோ," என்று கிசுகிசுத்தான் வெண்டல். "கீழ புல்லுல நிக்கும். எங்கயும் ஓடாது. நம்ம வாசனை அதுக்குப் போகல."

வேலி தாண்டுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் பத்து வயதில் எல்லோருக்கும் அடித்துச் சொல்லிக் கொடுக்கிற விதி, அறுபது வருஷம் கழித்தும் கை தானாகச் செய்யும். வெண்டல் காலி செய்தான். மார்லிஸ் தன் மூன்று தோட்டாவை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். ஆரின் பூட்டை இழுத்தார்.

மணல் கொட்டுவது போல ஒரு சத்தம். வெளியே வந்தது பித்தளைக் கூடு மட்டும். பளபளவென்று, கழுத்து சுற்றிலும் ஒரே சீராக, வாயில் குண்டு இல்லாமல். மருந்து முழுவதும் ரைஃபிளின் வயிற்றுக்குள் கொட்டி, விசையின் இடுக்கிலெல்லாம் நிறைந்திருந்தது.

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "குண்டு எங்க?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"குழல்ல. வரியில மாட்டிக்கிச்சு. கழுத்து பிடிக்கல அதை."

"எடு அப்போ."

"முன்பக்கமா கம்பி விட்டுத் தட்டணும்."

"கம்பி எங்க?"

கம்பி வீட்டில் இருந்தது. கேரேஜ் சுவரில், இரண்டு ஆணிகளுக்கு நடுவே, அதற்கென்று அளவெடுத்துச் செய்த கொக்கியில். ஆரினின் மேல்சட்டைப் பையில் தடிமன் அளக்கும் கருவி மட்டும் இருந்தது. வேட்டைக்கு அதை ஏன் கொண்டு வந்தார் என்று கேட்காதீர்கள். மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தாலும் அதை விட்டுவிட்டு வரமாட்டார்கள்.

வெண்டல் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரிக்கலாம் என்று அவனுக்குத் தெரியும், அவசரம் இல்லை. மார்லிஸ் தன் ரைஃபிளை ஆரின் கையில் வைத்தாள். மூன்று தோட்டாவையும் இன்னொரு கையில் வைத்தாள். "போ" என்றாள்.

மூவரும் வேலிக்குள் புகுந்து மேட்டின் மேல் வயிற்றால் ஊர்ந்தார்கள். கீழே எண்பது கஜத்தில், காய்ந்த புல்லில், பக்கவாட்டில், படம் எடுக்க நிற்கச் சொன்னது மாதிரி நின்றுகொண்டிருந்தது எல்க். எண்பது கஜம் என்றால், கல் எறியத் தெரிந்தவன் எறிந்து பார்க்கலாமா என்று யோசிக்கிற தூரம். பதினாறு வருஷக் கடிதங்களும், அந்த முழங்காலும், இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

ஆரின் பூட்டைத் திறந்தார். மூன்று தோட்டாவில் ஒன்றை உள்ளே போட வேண்டும். அவ்வளவுதான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோட்டாவின் கழுத்தில் தாமாகப் போய் நின்றன. தாமாக உருட்டின.

"இது ஒரு பக்கம் தடிச்சிருக்கு," என்றார் மூச்சுக்குள்.

"ஆரின்."

"ஒரு நிமிஷம்." இரண்டாவதை எடுத்து உருட்டினார். "இது பரவால்ல."

"மச்சான், தலையைத் தூக்குது," என்றான் வெண்டல், பல்லைக் கடித்துக்கொண்டு. "எதையாவது போடு. கூழாங்கல்லப் போடு."

இரண்டாவது பரவாயில்லை என்றால் மூன்றாவது எப்படி இருக்கும் என்று பார்க்காமல் எப்படி விடுவது? மூன்றாவதை எடுத்தார். உருட்டினார். ஒரு விநாடி இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிட்டார். இரண்டாவதுதான் நல்லது. அதைப் போட்டுப் பூட்டி, கன்னத்தை ரைஃபிள்மேல் பதித்துக் குறிபார்க்கும் கண்ணாடி வழியே பார்த்தார்.

புல் ஆடிக்கொண்டிருந்தது. புல்லில் யாரும் இல்லை. ஆற்றுப் பக்கத்துப் புதருக்குள் கிளை முறிகிற சத்தம் ஒரு தடவை கேட்டது, இன்னும் தள்ளி இன்னொரு தடவை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

சூரியன் விழும் வரைக்கும் மூவரும் அங்கேயே படுத்திருந்தார்கள். அது திரும்பி வரவில்லை. வெளிச்சம் போனதும் வெண்டல் எழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு, வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று இறங்கிப் போனான். ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் போனான். ஆரினைக் கொன்றது அதுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அறுபத்தாறு வயதில், பனியில், ஆரஞ்சுச் சட்டையில், ஓசையில்லாமல் அழுதார்.

மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் முதுகில் கை வைத்திருந்தாள். பிறகு ரைஃபிளை வாங்கிப் பூட்டைத் திறந்து, உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுத்தாள். குண்டோடு ஒழுங்காக வந்தது அது.

"இதுதானா மூணுல நல்லது?"

தலையை ஆட்டினார்.

"வெச்சுக்கோ," என்று அவர் பையில் போட்டாள்.

நாற்பது மைல் ஓட்டி வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலை கேரேஜில் சத்தம் எதுவும் இல்லை. செவ்வாயும் இல்லை. திருந்திவிட்டார் என்று மார்லிஸ் நினைத்தாள். பாவம், முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு அந்த இனத்தைப் பற்றிப் போதிய அறிவு இல்லை. புதன்கிழமை தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே ஓர் அளவு சின்னதாக ஓர் எஃகு வளையம்.

நீங்கள் இப்போது ஆரினைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் துப்பாக்கிக்கும் ஏழாம் பொருத்தம், பித்தளை என்றால் குத்துவிளக்கு, கழுத்து என்றால் வலி. நீங்கள் எங்கே, ஆரின் எங்கே? நீங்கள் நெஞ்சுவலிக்கு டாக்டரிடம் போவதற்கு முன் நாலு கிலோ குறைத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம் ஆகிறது, போன் செய்தால் எப்படி ஆரம்பிப்பது என்று சரியான ஒரு வார்த்தை கிடைக்காமல் இருக்கிறீர்கள், கிடைத்ததும் செய்துவிடுவீர்கள். அண்ணன் எங்கே போகப்போகிறார், எண்பது கஜத்தில்தானே நிற்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் குண்டு குழலில் மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்தபோது, 'அடடா, பதினாலோடு நிறுத்தியிருந்தால் கழுத்து பிடித்திருக்குமே, அல்லது வளையத்தையாவது மாற்றியிருக்கலாமே' என்று உங்கள் மனசுக்குள் ஏதாவது ஓடியதா? ஓடவில்லை என்றால் சந்தோஷம், போய் அண்ணனைக் கூப்பிடுங்கள். ஓடியது என்றால் கூச்சப்படாமல் கோல்டர் க்ரீக்குக்கு வாருங்கள். ஆரினுடைய கேரேஜில் இன்னொரு முக்காலி போட இடம் இருக்கிறது.